அவர் வைத்தால்தான் அந்த அம்மா சாப்பிடுகிறார்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போகிற வழியில், பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரோரம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைப் பார்க்கிறீர்கள். சடை பிடித்த தலை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்ட உடுப்புகள், இடைவிடாமல் தனக்குள் பேச்சு. யார் சாப்பாடு கொடுத்தாலும் வீசிவிடுகிறார். அட்டை, பாட்டில் பொறுக்கி விற்கும் ஒரு பெரியவர் மட்டும் ராத்திரி ஒரு பொட்டலம் வாங்கிவந்து, பாதியைத் தான் சாப்பிட்டுவிட்டு மீதியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால், அதைச் சாப்பிடுகிறார். அந்தப் பெரியவருக்கும் வீடு கிடையாது, சில நாள் அவரும் யாருமில்லாத பக்கம் பார்த்துச் சண்டை போடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். போலீசில் சொல்லி அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. "கூட்டிக்கொண்டுபோய் எங்கேயாவது அடைத்துவிடுவார்கள், இருக்கிறபடி இருக்கட்டும்" என்று நண்பர் சொன்னதும் குழம்பிவிட்டீர்கள். கடைசி வரியில் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் மனநிலை சரியில்லாதபோது அவர்களுக்குள் இருப்பதை அன்பு என்று சொல்லலாமா?

நான் மனநல சமூகப் பணியாளர். அரசு மனநல மருத்துவமனை வார்டிலும், பிறகு தெருவில் வாழ்பவர்களைத் தேடிப்போய்ச் சந்திக்கும் குழுக்களோடும் பல வருடம் வேலை பார்த்தவள். மருந்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. நேரில் பார்க்காத ஒருவருக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்லவும் மாட்டேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கு நீங்கள் என்ன விடை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் முதல் கேள்வியில் நீங்கள் எடுத்துவைக்கும் அடியும் இருக்கும்.

சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்கள் ஒருவரின் காதில் இல்லாத குரலைக் கேட்கவைக்கும், சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று நம்பவைக்கும், பேச்சைக் கோவையில்லாமல் ஆக்கும். முகத்தில் உணர்ச்சி தெரியாமல் செய்யும். ஆனால் முகத்தில் தெரியவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. முகம் உறைந்துபோனவர்களிடம் அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், அவர்கள் சொன்னது ஏறக்குறைய நம்மைப் போலவேதான் இருந்தது. இதில் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. அடுத்தவர் முகக்குறிப்பைப் படிப்பதிலும், அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதிலும் பலருக்கு சிரமம் இருப்பது உண்மை. அது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். இவ்வளவு சிரமத்துக்கு நடுவிலும் அவர்கள் அடுத்தவர் பசியை எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதற்கு என்னிடம் அறிவியல் விடை கிடையாது. கண்டுகொள்கிறார்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் வார்டில் ஒருவர் இருந்தார். கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்து நாங்கள் கிளம்பும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தி, மூன்றாவது கட்டிலைக் காட்டி, "அவ ரெண்டு நாளா தலை வாரல" என்றார். கேஸ் ஷீட்டில் அந்த மூன்றாவது கட்டில்காரருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. உட்கார்ந்து பேசிப் பார்த்ததில், மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. நர்ஸ், டாக்டர், நான் என்று அத்தனை பேர் கண்ணிலும் படாத ஒன்று, பேச்சே இல்லாத அந்த அம்மாவின் கண்ணில் பட்டது. தலைவாரிக்கொள்வது நின்றால் அடுத்து என்னென்ன நிற்கும் என்று அவருக்குத் தன் உடம்பிலேயே தெரியும். இந்த நோயைக் கடந்து வந்தவர்களிடம் இருக்கிற இந்தக் கூர்மையை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இப்போது உங்கள் பெரியவர் செய்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே நேரத்துக்கு வருகிறார். அந்த அம்மா கண்முன்னாலேயே அதே பொட்டலத்தில் பாதியைத் தான் சாப்பிடுகிறார். மீதியைக் கையில் திணிக்காமல் தள்ளிவைக்கிறார். பேர் என்ன, ஊர் எது என்று கேட்பதில்லை. சாப்பிடுகிறாரா என்று நின்று பார்ப்பதும் இல்லை, போய்விடுகிறார். சந்தேகம் முற்றிய ஒருவரை நெருங்குவதற்குத் தெருவில் வேலை செய்யும் குழுக்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஏறத்தாழ இதைத்தான். உறையிட்ட, மூடி திறக்காத பொருளைக் கொடுங்கள் அல்லது நீங்கள் முதலில் சாப்பிட்டுக் காட்டுங்கள். நேருக்குநேர் நிற்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். தினம் ஒரே நேரத்தில் போங்கள். முதல் சில நாள் எதுவும் கேட்காதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் வாரக்கணக்கில் பாடுபட்டுச் சம்பாதிக்க வேண்டிய நம்பிக்கையை அந்தப் பெரியவர் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டார். அவரும் ஒருகாலத்தில் யார் கையால் கொடுத்தாலும் வாங்க பயந்த ஆளாக இருந்திருக்கலாம். அது என் ஊகம், அவ்வளவுதான்.

தெருவில் வாழ்பவர்களுக்குள் இப்படிக் கொடுக்கல்வாங்கல் நிறைய உண்டு, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. குளிக்கப் போகும்போது மூட்டையைப் பார்த்துக்கொள்வது, எந்தக் கோயிலில் எந்த நேரம் அன்னதானம் என்று சொல்லிவிடுவது, மழை வந்தால் எந்தக் கடை வராந்தாவில் விரட்டமாட்டார்கள் என்று காட்டிக்கொடுப்பது. பெண்கள் முடிந்தவரை ராத்திரி தனியாகப் படுப்பதில்லை. வரிசையாகப் படுத்து, நடுவில் வயதுப் பெண்ணையோ புத்தி தடுமாறியவரையோ விட்டு, ஓரத்தில் கிழவிகள் படுத்துக்கொள்வார்கள். எந்தச் சட்டமும் கொடுக்காத பாதுகாப்பு அது.

ஆனால் தெருவை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதே பிளாட்பாரத்தில்தான் திருட்டும் குடியும் அடிதடியும் இருக்கின்றன. மனநலம் பாதித்த பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறவர்களும், பக்கத்தில் உட்காரவைத்துப் பிச்சை எடுத்துக் காசு பார்க்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். மனநோய் உள்ளவர் என்றாலே ஆபத்தானவர் என்று நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதுதான் மிக அதிகம், இது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆகவே பெரியவரைப் பற்றியும் சில நாள் கவனித்துப் பாருங்கள். அவர் வரும்போது அந்த அம்மா ஒடுங்குகிறாரா, இயல்பாக இருக்கிறாரா? அந்த அம்மாவிடமிருந்து பெரியவர் எதையாவது எடுத்துக்கொள்கிறாரா? வைத்துவிட்டு விலகுகிறாரா, பக்கத்திலேயே சுற்றுகிறாரா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். இருந்தாலும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

அந்த அன்பு உண்மை என்பதால் "இருக்கிறபடி இருக்கட்டும்" என்ற உங்கள் நண்பரின் பேச்சு சரியாகிவிடாது. பாதிப் பொட்டலம் சோறு உயிரைப் பிடித்துவைக்கும், காதில் கேட்கும் குரலை நிறுத்தாது. தெருவிலிருந்து வருகிற பெண்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது மனநோயை அல்ல. கடுமையான இரத்தசோகை, தலையில் பேன் அரித்து உண்டான புண், காலில் புழு வைத்த காயம், காசநோய், சில சமயம் யாருக்கும் தெரியாத கர்ப்பம். மனநோய் போலத் தெரிவது தைராய்டு கோளாறாகவோ, வலிப்புக்குப் பிந்தைய குழப்பமாகவோ, மறதிநோயாகவோ இருப்பதும் உண்டு. பரிசோதனை இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. மனச்சிதைவாகவே இருந்தால், மருந்து ஆரம்பித்த சில நாளில் தூக்கம் வரும், பதற்றம் குறையும், முழுப்பலன் தெரிய பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, சிலருக்குக் குரல்கள் முழுதாகப் போவதும் இல்லை. ஆனால் முயன்றே பார்க்காமல் ஒருவரைப் பல வருடம் அந்தப் பயத்துக்குள் விட்டுவைப்பதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நண்பரின் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். இந்த நாட்டில் மனநலச் சட்டத்தைப் பற்றிய பேச்சே அந்தத் தீக்குப் பிறகு மாறியது. பெரிய அரசு மருத்துவமனைகளிலும், நோய் தணிந்த பிறகு அழைத்துப்போக ஆளில்லாததால் இருபது முப்பது வருடம் வார்டிலேயே நரைத்துப்போனவர்கள் இருந்திருக்கிறார்கள், இன்னும் இருக்கிறார்கள். "அடைத்துவிடுவார்கள்" என்று அவர் சொன்னது வெறும் வதந்தி இல்லை.

இப்போது சட்டம் வேறு. 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நீங்கள் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டால் காவல் நிலையத்தில் தடுமாறாமல் பேசலாம். 100-ஆவது பிரிவின்படி, மனநோய் இருப்பதாகத் தெரிந்து, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல் நிலைய அதிகாரியின் கடமை. "இது எங்க வேலை இல்ல சார்" என்று அவர் சொல்ல முடியாது. ஏன் அழைத்துப்போகிறோம் என்பதை அந்த நபரிடமே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வீடற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும், கையில் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம் என்கிறது 18-ஆவது பிரிவு. சங்கிலியால் கட்டுவதை 95-ஆவது பிரிவு எந்த வடிவிலும் தடைசெய்கிறது. நண்பரின் பயத்துக்கு நேரடியான பதில் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக்கூடாது. ஏட்டில் இருப்பது எல்லாம் தரையில் நடக்கிறதா என்றால், ஊருக்கு ஊர், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். ஆனால் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்கிற ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் நடக்கிறது.

இதே சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத 14-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது, உங்கள் விஷயத்துக்கு அதுதான் மிக முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வயதுவந்த யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். சிகிச்சை பற்றிய முடிவுகளில் கூட நிற்கிறவர் அவர். இரத்த உறவாக இருக்கவேண்டும் என்று அவசியமே இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். பிரதிநிதி அந்தப் பொறுப்பைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும், எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவருக்கே மனநோய் இருக்கலாம் என்பதால் அவரால் அந்தப் பொறுப்பை ஏற்க முடியுமா என்பதை மருத்துவக் குழு பார்த்துத்தான் சொல்ல முடியும். முடியாமல் போகலாம். ஆனால் அந்த அம்மா தெளிவடைந்த பிறகு "உங்களுக்கு யாரும்மா வேணும்?" என்று கேட்டால், ஊரிலிருக்கும் அண்ணனைச் சொல்வாரா, பிளாட்பாரத்துப் பெரியவரைச் சொல்வாரா என்பது அவர் விருப்பம். இந்த ஒரு பிரிவு அந்த விருப்பத்துக்கு இடம் வைத்திருக்கிறது.

ஆகவே போலீசுக்குப் போவதற்கு முன் நீங்கள் பேச வேண்டியது பெரியவரிடம். ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த அம்மாவைப் பற்றி எடுத்தவுடன் கேட்காதீர்கள், அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் போனபின் சொல்லுங்கள்: "ஐயா, அவங்க உடம்பு ரொம்ப மோசமா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன், நீங்க கூட இருந்தா பயப்படமாட்டாங்க." அவருக்கு அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததெல்லாம் தெரிந்திருக்கும். எந்த நேரத்தில் அமைதியாக இருப்பார், எந்த வார்த்தைக்குக் கோபம் வரும், எந்த மூட்டையைத் தொட்டால் கத்துவார், என்ன மொழியில் பாடுவார் என்று. இந்த மொழி விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயின் வேகத்தில் ரயிலேறி எங்கிருந்தோ வந்துசேர்ந்தவர்கள் நம் ஊர்த் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள். "என்னமோ உளறுது" என்று ஊர் நினைத்த பேச்சு வங்காளமாகவோ தெலுங்காகவோ இருந்த கதை எங்கள் வேலையில் சாதாரணம்.

அதற்குப் பிறகு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) பேசலாம், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில், சாலையில் திரியும் மனநலம் பாதித்தவர்களுக்காகவே அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன, மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். சென்னையாக இருந்தால் தெருவில் ஆதரவில்லாமல் இருப்பவர்களை மீட்க மாநகரக் காவல்துறை 2021-இல் தொடங்கிய காவல் கரங்கள் குழுவையும் கேட்கலாம். அழைத்துப்போகும் நாளில் பெண் பணியாளரோ பெண் காவலரோ இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பகலில் செய்யுங்கள். பெரியவரை வண்டியில் கூட ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த மூட்டையை விட்டுவிட்டுப் போகக்கூடாது. உங்களுக்கு அது கந்தலும் பிளாஸ்டிக் கவருமாகத் தெரியும். அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் சொத்து அதுதான். ஒரு மூட்டைக்குள் ஏழெட்டு கவரில் சுற்றிய, பாதி அழிந்த ரேஷன் கார்டு நகலைப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் ஊரே தெரிந்தது. தலைமுடியையும் கேட்காமல் வெட்டவிடாதீர்கள். பேன் புண் இருந்தால் வெட்ட வேண்டித்தான் வரும், ஆனால் நாலு பேர் பிடித்துக்கொண்டு மழிப்பது வன்முறை. அதிலிருந்து மீள அவருக்கு மருந்தைவிட நீண்ட காலம் ஆகும். தயவுசெய்து போனை எடுக்காதீர்கள். குளிப்பாட்டுவதற்கு முன், குளிப்பாட்டிய பின் என்று வீடியோ போட்டு லைக் வாங்குவது இப்போது சேவை என்ற பெயரில் நடக்கிறது. நாளைக்கு அந்தப் பெண் குணமாகி ஊருக்குப் போனால், அவர் மகளும் அந்த வீடியோவைப் பார்ப்பாள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்று இதே சட்டமும் சொல்கிறது.

அவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று நினைக்காதீர்கள். குணமாகிவந்த ஒரு பெண்ணிடம் தெருவில் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டபோது, நாள், தேதி எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சுடுதண்ணீரை மேலே ஊற்றிய டீக்கடைக்காரரின் சட்டை நிறம் தெரிந்திருந்தது. மழைநாளில் தன் சாக்கைப் பாதி விரித்துக் கொடுத்து, "படுடி" என்று சொன்ன பூக்காரக் கிழவியின் குரலும். இரண்டையும் ஒரே மாதிரி அமைதியாகச் சொன்னார். பிறகு, "அந்தக் கெழவிக்கு கண்ணு சரியா தெரியாது, யாராச்சும் ரோட்டக் கடத்தி விடணும்" என்றார். தன்னை யார் ஊருக்கு அழைத்துப்போவார்கள் என்று அதுவரை அவர் கேட்டிருக்கவில்லை.

மருத்துவமனைக்குப் பிறகு என்ன என்பதுதான் கஷ்டமான பகுதி. சில குடும்பங்கள் செத்துப்போய்விட்டாள் என்று காரியமே செய்திருப்பார்கள், உயிரோடு பார்த்ததும் தெருவே திரண்டு அழும். சில குடும்பங்கள் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடும். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. ஒற்றை அறை வீடு, தினக்கூலி, மாதாமாதம் மாத்திரைக்காக ஒரு நாள் கூலி போகும். போக இடமில்லாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பதில் உருவாகியிருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் பரிதவித்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள இடம் கிடைக்காததைப் பார்த்து, பேன்யன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முகப்பேரில் அடைக்கலம் என்ற இல்லம் வந்தது. ஊர் போக முடியாதவர்கள் அங்கேயே சேர்ந்துகொண்டே போனபோது, இல்லத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக வேறு வழியை எடுத்தார்கள். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரண வாடகை வீட்டில், சாதாரணத் தெருவில், துணைக்கு ஒரு பணியாளரோடு குடியிருப்பார்கள். கோவளம் போன்ற ஊர்களில் இப்படி வீடுகள் இருக்கின்றன.

இந்த மாதிரி வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால், பிளாட்பாரத்தில் நீங்கள் பார்க்கிற அதே விஷயம் கூரைக்கு அடியில் நடக்கும். ஒருவருக்குச் சமையல் தெரியும், கணக்கு வராது. இன்னொருவர் மீன்காரியிடம் பேரம் பேசுவார், ஆனால் அடுப்பைப் பற்றவைக்கப் பயப்படுவார். மாத்திரை நேரத்தை ஒருவர் எல்லோருக்குமாக நினைவு வைத்துக்கொள்வார். சண்டையும் உண்டு. சீரியலுக்கு, குளியல் முறைக்கு, யார் தலையணை யாரிடம் என்பதற்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் ஆட்சேபிப்பார்கள், வீட்டு உரிமையாளர்கள் விஷயம் தெரிந்ததும் வாடகைக்குத் தர மறுப்பார்கள். அந்தத் தடையை இன்னும் யாரும் முழுசாகத் தாண்டவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயுள்ள வீடற்றவர்கள் சுமார் 2000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு "முதலில் குணமாகு, பிறகு வீடு" என்று நிபந்தனை போடாமல் முதலிலேயே வீடு கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் நிலைத்து இருந்தார்கள், இது ஐயமில்லாத முடிவு. ஆனால் நோயின் அறிகுறிகள் மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. வீடு வீட்டைத்தான் தரும், மருந்தின் வேலையைச் செய்யாது. இன்னொரு பக்கம், மனச்சிதைவு உள்ளவர்கள் குறைசொல்லும், வெறுப்புக் காட்டும் வீடுகளுக்குத் திரும்பினால் நோய் திரும்ப வருவது அதிகம் என்று இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின, பல நாடுகளில் செய்துபார்த்தும் அது நிற்கிறது. எனவே கடுஞ்சொல் கெடுதல் செய்கிறது என்பது உறுதி. அதை மறுபக்கம் திருப்பி, கனிவு எவ்வளவு குணமாக்கும் என்று கேட்டால் பதில் அவ்வளவு திடமாக இல்லை. நோயைக் கடந்துவந்தவர்களே மற்ற நோயாளிகளுக்குத் துணைநிற்கும் திட்டங்களில் நம்பிக்கையும் தன்மதிப்பும் கூடுவது தெரிகிறது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவருவது குறைகிறதா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. கனிவை மருந்துக்கு மாற்றாக யாராவது விற்றால் நம்பாதீர்கள். கனிவில்லாமல் மருந்து ஒருவர் வாய்க்குள் போகவே போகாது என்பதை மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்வேன்.

உங்கள் கேள்வியில் பெரியவருக்காக நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவைக் கூட்டிப்போய்விட்டால் அவருக்கு என்ன ஆகும்? தினமும் பொட்டலம் வாங்கக் காசு சேர்ப்பதுதான் அவர் நாளுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேன் வந்து அள்ளிக்கொண்டு போனால், அவரைப் பொறுத்தவரை அது இன்னொரு காணாமல்போதல். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று அவரிடம் சொல்லுங்கள், ஒருமுறையாவது கூட்டிப்போய்க் காட்டுங்கள். "உறவுக்காரர்தானா?" என்று வாசலில் கேட்பார்கள். கூலி இல்லாமல் கவனித்துக்கொள்கிறவரையும் பராமரிப்பாளர் என்று சட்டம் ஏற்கிறது. நேரம் பார்த்து அதைச் சொல்லிப் பேசுங்கள், வார்டு சமூகப் பணியாளரைக் கேளுங்கள், பெரும்பாலும் அவர் வழி செய்துவிடுவார். பெரியவருக்கும் டாக்டரைப் பார்க்க விருப்பமா என்று கேட்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்தில்லாமல், தன் சோற்றைத் தானே சம்பாதித்து அதில் பாதியைக் கொடுக்கிற ஒருவரை வலுக்கட்டாயமாக எங்கும் கொண்டுபோக யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் அவருக்குச் சேர வேண்டியது நிறைய இருக்கிறது. லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் நகராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டவர்கள் கூரை கிடைத்ததும் பிரிந்துபோவது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை, அதனாலேயே பலர் காப்பகத்துக்கு வர மறுக்கிறார்கள். மாதாமாதம் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு என்று காகிதவேலை உண்டு. பேருந்து நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்குமாக அவரால் தனியாக அலைய முடியாது. அந்த வேலைக்கு உங்களைப் போன்ற ஒருவர் இரண்டு மூன்று அரைநாள் லீவு போட்டால் நடந்துவிடும்.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல், ரத்தப்போக்கு, புழு வைத்த புண், வயிறு பெரிதாகத் தெரிவது, இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காதது என்று எதைக் கண்டாலும் மேலே சொன்ன நிதானமெல்லாம் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்று ராத்திரி பெரியவர் வரும் நேரத்துக்குப் போங்கள். எந்த மாவட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அங்கே மாவட்ட மனநலத் திட்டத்தில் யாரைக் கேட்பது, மீட்பு மையம் எங்கே என்று விசாரித்துச் சொல்கிறேன்.